நீல விளக்கு மாட்டினால் நோய் பரவாதா?

"வீட்ல டி.பி. வந்தவர் இருக்கார். கிருமியைக் கொல்ற நீல லைட்டாமே, ஒண்ணு வாங்கி மாட்டிடலாமா டாக்டர்?" 2020-ல் கொரோனா வந்த பிறகு இப்படிக் கேட்கிறவர்கள் அதிகம். சித்த வைத்தியரிடம் கேட்கிற கேள்வியா இது என்று நினைக்காதீர்கள். காற்றில் பரவும் நோய் எல்லா வைத்தியத்துக்கும் பொதுதானே!

அந்த விளக்கிலிருந்து வருவது புற ஊதாக் கதிர். கிருமியின் மரபுப்பொருளைச் சிதைத்து, அது பெருக முடியாமல் செய்துவிடும். சூரியனிலும் இந்தக் கதிர் உண்டு. ஆனால் இந்தக் குறிப்பிட்ட ரகத்தை ஓசோன் படலம் மேலேயே தடுத்துவிடுகிறது.

பெரு நாட்டுத் தலைநகர் லிமாவில் ஒரு மருத்துவமனையில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். காசநோயாளிகள் இருந்த வார்டின் காற்றைக் குழாய் வழியாக மாடிக்கு இழுத்து, அங்கே கினிப்பன்றிகளைச் சுவாசிக்க வைத்தார்கள். விளக்கு எரியாத நாட்களின் காற்றைச் சுவாசித்தவற்றில் 35 சதவீதத்துக்குத் தொற்று. விளக்கு எரிந்த நாட்களின் காற்றைச் சுவாசித்தவற்றில் 9.5 சதவீதத்துக்குத்தான்! 2009-ல் வெளியான ஆய்வு இது.

சரி, உடனே கடைக்குக் கிளம்பிவிடாதீர்கள். அங்கே விளக்கை மாட்டியது கூரையை ஒட்டி. கதிர் மேல்பகுதியில் மட்டும் பாயும். கீழே இருக்கும் ஆட்கள் மேல் படாது. இருமும்போது வெளிவரும் கிருமி காற்றோடு மேலே போய் அங்கே செத்துப்போகும். காற்று கலக்க ஃபேனும் ஓட வேண்டும். எந்த உயரத்தில், எந்தக் கோணத்தில் என்பதெல்லாம் விஷயம் தெரிந்தவர் அளந்து பார்த்து மாட்ட வேண்டிய சமாச்சாரம்.

கையில் பிடிக்கிற விளக்கு, மேஜை மேல் வைக்கிற விளக்கு இதெல்லாம் வேறு. எரியும்போது கூடவே உட்கார்ந்திருந்தால் சில மணி நேரம் கழித்து கண்ணில் மணல் விழுந்தமாதிரி உறுத்தும், நீர் கொட்டும். தோலும் சிவந்து எரியும். குழந்தைகள் இருக்கிற வீட்டில் இது வேண்டவே வேண்டாம்.

நெரிசலான ஆஸ்பத்திரி வரவேற்பறை, காசநோய் வார்டு, இங்கெல்லாம் இந்த விளக்கு அவசியம் என்பேன். வீட்டில்? எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். நோயாளி இருமும்போது வாயை மூடிக்கொள்ளட்டும். கூட இருக்கும் எல்லோருமே பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் டி.பி. மாத்திரை இலவசம். சரியான மாத்திரை ஆரம்பித்த சில வாரங்களிலேயே பரப்பும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். இருமல் நின்றுவிட்டதே என்று நடுவில் நிறுத்திவிட்டு, என்னிடம் லேகியம் கேட்டு வராதீர்கள், கொடுக்கமாட்டேன்.