விருப்பமின்றி நிகழும் செயலும் குற்றப் பொறுப்பும்

கொச்சி மட்டாஞ்சேரியில் மிளகும் இஞ்சியும் வாணிபமாகும் கடைத்தெரு குறுகலானது. அங்கு சரக்கு லாரி ஓட்டிச் செல்லும் ஒருவருக்குத் திடீரென வலிப்பு ஏற்பட்டு, வண்டி மோதி வழிப்போக்கர் ஒருவர் இறந்துவிட்டதாகக் கொள்வோம். ஓட்டுநர் குற்றவாளியா?

உடல் அசைந்ததனாலேயே அது குற்றவியல் சட்டம் கருதும் செயல் ஆகிவிடாது. அவ்வசைவு அவரது மனத்தின் ஆளுகைக்கு உட்பட்டதாக இருத்தல் வேண்டும். இத்தகைய எதிர்வாதத்திற்கு நம் சட்டத்தில் தனிப்பிரிவு இல்லை. 1860 ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் தற்செயல் விபத்து பற்றிய 80 ஆம் பிரிவும், சித்தசுவாதீனமின்மை பற்றிய 84 ஆம் பிரிவும் இதற்குப் பயன்பட்டன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இவை முறையே 18, 22 ஆம் பிரிவுகளாகும்.

வலிப்பு அதுவே முதன்முறை எனில் ஓட்டுநர் மீது குற்றங்காண்பது அரிது. நோயை அறிந்திருந்தும், மருத்துவர் எச்சரித்திருந்தும் வண்டியை எடுத்தார் எனில் நிலைமை வேறு. வலிப்பின்போது நினைவில்லை என்பது உண்மையே. ஆயினும் வண்டியில் ஏறியபோது நினைவு இருந்தது. அங்கேதான் கவனக்குறைவு எனும் குற்றம் தொடங்குகிறது. அபாயம் விளைவிக்கக்கூடிய நோய் தமக்கு இருப்பதை அறிந்தே வண்டி ஓட்டுவதை, 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 186 ஆம் பிரிவு தனிக்குற்றமாகவே கருதுகிறது.

துயிலில் நடப்பது மற்றொரு வகை. கைக்குழந்தையுடன் இரவில் கிணற்றில் குதித்த தாய் ஒருவரின் வழக்கில் இவ்வாதம் எழுந்தது. அது நிரூபிக்கப்பட்டால் 84 ஆம் பிரிவின் பாதுகாப்பு கிட்டும் என 1959 ஆம் ஆண்டு வெளியான தீர்ப்பில் சென்னை உயர்நீதிமன்றம் கருதியது. எனினும் போதிய சான்று இல்லாமையால் வாதத்தை ஏற்கவில்லை. மாறாக, கனடா நாட்டு உச்சநீதிமன்றம் 1992 இல் ஒரு வழக்கில், துயில்நடையை மனநோயாகக் கொள்ளாமல் முழு விடுதலையை உறுதி செய்தது. இவ்வேறுபாடு சிறிதன்று. மனநலமின்மையின் பேரில் விடுவிக்கப்படுபவரைப் பாதுகாப்புக் காவலில் வைக்க நம் சட்டம் இடமளிக்கிறது. முழு விடுதலை பெற்றவரோ வீடு திரும்பலாம்.

விதிவிலக்கை நிரூபிக்கும் பொறுப்பு குற்றஞ்சாட்டப்பட்டவருடையதே. ஆயினும் அவர் காட்டும் சான்று குற்ற எண்ணம் பற்றி நியாயமான ஐயத்தை எழுப்பினாலே போதும், அவர் விடுதலைக்கு உரியவர் என உச்சநீதிமன்றம் 1964 இல் தெளிவுபடுத்தியது. எனவே, நிகழ்ச்சிக்கு முந்தைய மருத்துவக் குறிப்புகளையும், நேரில் கண்டவர் கூற்றுகளையும் புலனாய்வு அதிகாரி தொடக்கத்திலேயே திரட்டுதல் இன்றியமையாததாகும். நிரபராதியைக் காப்பதும், பொய்யாக நோயைக் காரணம் காட்டுவோரை வெளிப்படுத்துவதும் அக்குறிப்புகளே.