இதயத்தில் ஓட்டையா? நெஞ்சைத் திறக்காமலே அடைக்கலாம்

"பிள்ளைக்கு அடிக்கடி சளி பிடிக்குது, ஓடி விளையாடினா சீக்கிரம் களைச்சுப் போகுது" என்று நீங்கள் சொல்ல, டாக்டர் எக்கோ ஸ்கேன் எடுக்கச் சொன்னாரா? தள்ளிப்போடாதீர்கள். இதயத்தின் இரு மேலறைகளுக்கு நடுவிலுள்ள சுவரில் பிறவியிலேயே ஓட்டை இருக்கலாம். இதை 'ஏ.எஸ்.டி.' என்பார்கள். சிலருக்கு 30, 40 வயதில் மூச்சு வாங்கும்போதுதான் தெரியவரும்.

ஏன் அடைக்க வேண்டும்?

சிறிய ஓட்டை குழந்தைப் பருவத்தில் தானாகவே மூடலாம். பெரியதாக இருந்தால், இடப்பக்க ரத்தம் வலப்பக்கம் கசிந்து நுரையீரலுக்கு அளவுக்கு மீறிப் போகும். வருடக்கணக்கில் விட்டால் நுரையீரல் ரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறலாம். அது கடுமையாகிவிட்டால், ஓட்டையை அடைப்பதே ஆபத்தாகிவிடும்.

எப்படி அடைக்கிறார்கள்?

தொடை இடுக்கிலுள்ள ரத்தக் குழாய் வழியாக மெல்லிய குழாயை இதயம் வரை செலுத்துவார்கள். அதற்குள் மடக்கி வைத்த நிட்டினால் கம்பி வலை, குடை போல விரிந்து சுவரின் இரு பக்கமும் பிடித்துக்கொள்ளும். சில மாதங்களில் அதன்மேல் நம் உடம்பின் திசுவே வளர்ந்து மூடிவிடும். பெரும்பாலும் ஓரிரு நாளில் வீடு திரும்பலாம்.

எல்லோருக்கும் பொருந்துமா?

இல்லை. ஓட்டை சுவரின் நடுப்பகுதியில் இருந்து, சுற்றிலும் போதிய விளிம்பும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அறுவை சிகிச்சைதான் சரியான வழி.

கோட்டாறு மக்கள் என்ன செய்யலாம்?

• பக்கத்திலுள்ள ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் காட்டுங்கள். அடைப்புச் சிகிச்சையை எங்கே செய்யலாம் என்றும் கேளுங்கள்.
• முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் சேரலாம். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு.
• அட்டை இல்லையென்றால் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றிதழுடன் நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள்.
• சந்தேகமா? 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேளுங்கள். அட்மிட் ஆகும் முன்பே காப்பீட்டு அனுமதி கிடைத்துவிட்டதா என்று உறுதி செய்யுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

டாக்டர் சொன்ன காலம் வரை மாத்திரையை நிறுத்தாதீர்கள். முதல் 6 மாதத்துக்குள் பல் பிடுங்க நேர்ந்தால், இதயத்தில் சாதனம் வைத்திருப்பதைப் பல் டாக்டரிடம் சொல்லுங்கள். காய்ச்சல், நெஞ்சுவலி, படபடப்பு வந்தால் உடனே போய்க் காட்டுங்கள். நல்லாத்தானே இருக்கு என்று மறுபரிசோதனை எக்கோவை விட்டுவிடாதீர்கள்.