பழைய காரில் ‘செக் இன்ஜின்’ லைட் எரியுதா? பார்ட்ஸ் மாத்துறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

சேலத்தில் இருந்து தர்மபுரி வரும் பழைய கார்களுக்குத் தொப்பூர் கணவாய் ஒரு பரீட்சை. சமதள ரோட்டில் சத்தமில்லாமல் ஓடிய வண்டி, ஏற்றத்தில் திணறும். ஆக்சிலேட்டரை மிதித்தாலும் பிக்கப் வராது. அந்த நேரம் பார்த்து மீட்டரில் இன்ஜின் வடிவத்தில் ஒரு மஞ்சள் லைட் எரியும். அதுதான் ‘செக் இன்ஜின்’ லைட்.

இந்த லைட்டைப் பார்த்ததும் பலர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ‘வண்டிதான் ஓடுதே’ என்று மாதக்கணக்கில் கண்டுகொள்ளாமல் விடுவது ஒன்று. யாரோ சொன்னதைக் கேட்டு சென்சார், பம்ப், சைலன்சர் என வரிசையாக மாற்றிப் பணத்தைக் கொட்டுவது இன்னொன்று. 10, 15 வருஷம் ஓடிய காருக்கு இரண்டுமே நஷ்டம்தான். மாற்றும் ஒரு பார்ட்டின் விலை, சில நேரம் அந்தக் காரின் விலையில் பெரும் பங்கைத் தின்றுவிடும்.

அப்படியென்றால் இந்த லைட் உண்மையில் என்ன சொல்கிறது? கோளாறை எப்படிச் சரியாகக் கண்டுபிடிப்பது?

லைட் எதுக்காக வந்தது?

பெயர் ‘செக் இன்ஜின்’ என்றாலும், இது பிறந்தது காற்று மாசைத் தடுக்கத்தான். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் புகைமூட்டத்தால் அவதிப்பட்ட அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாகாணம், வண்டியே தன் புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகளைக் கண்காணிக்க வேண்டும் என்று 1988 மாடல் கார்களில் இருந்து விதி கொண்டுவந்தது. 1996-ல் அமெரிக்கா முழுவதும் ஓபிடி-2 என்ற ஒரே மாதிரியான முறை கட்டாயமானது.

காரில் இருக்கும் இசியு என்ற கம்ப்யூட்டர், சென்சார்கள் அனுப்பும் தகவலை நொடிக்கு நொடி பார்த்துக்கொண்டே இருக்கும். ஒரு அளவு வரம்பை மீறினால் அதை ஒரு கோடு எண்ணாகப் பதிவு செய்து லைட்டைப் போடும். அதனால்தான் வண்டி நன்றாக ஓடினாலும் லைட் எரியலாம். வண்டி திணறினாலும் லைட் எரியாமல் இருக்கலாம்.

முதல்ல லைட்டைக் கவனிங்க

- மஞ்சள் நிறத்தில் நிலையாக எரிந்தால்: பதற வேண்டாம். டெம்பரேச்சர் சரியாக இருந்து, வண்டியும் இயல்பாக ஓடினால் மெதுவாக ஓட்டிச் சென்று சில நாட்களுக்குள் செக் பண்ணலாம்.

- மஞ்சள் லைட் விட்டு விட்டு எரிந்தால்: இது அவசரம். ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் வெளியே போகிறது. மெக்கானிக்குகள் ‘மிஸ்ஸிங் அடிக்குது’ என்று சொல்வது இதைத்தான். எரியாத பெட்ரோல் சைலன்சர் பாதையில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, அதை உருக்கிவிடும். சில ஆயிரத்தில் முடிய வேண்டிய வேலை பல மடங்காகும்.

- சிவப்பு நிறத்தில் ஆயில் அல்லது டெம்பரேச்சர் லைட் எரிந்தால்: அது வேறு லைட். பாதுகாப்பான இடத்தில் உடனே நிறுத்தி இன்ஜினை ஆஃப் செய்ய வேண்டும். ‘இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தான்’ என்று ஓட்டினால் இன்ஜினே போய்விடலாம்.

உங்க காரில் ஓபிடி இருக்கா?

பழைய காரில் இதுதான் முதல் கேள்வி. கார்புரேட்டர் வைத்த மாருதி 800 போன்ற வண்டிகளில் இந்த லைட் விவகாரமே கிடையாது. இந்தியாவில் பிஎஸ்-4 கார்களுக்கு ஓபிடி-1 முறை 2010 ஏப்ரலில் இருந்தும், ஓபிடி-2 முறை 2013 ஏப்ரலில் இருந்தும் கட்டாயம்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 2010-ல் பிஎஸ்-4 விதி சென்னை, பெங்களூரு உள்ளிட்ட பெருநகரங்களுக்குத்தான் வந்தது. மற்ற ஊர்களுக்கு பிஎஸ்-3. நாடு முழுவதும் பிஎஸ்-4 வந்தது 2017 ஏப்ரல் 1-ல்தான். அதனால் 2012 மாடல் கார் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் நின்றாலும், பெங்களூரு பதிவு வண்டியும் டிஎன்-29 தர்மபுரி பதிவு வண்டியும் ஒரே மாதிரி ஸ்கேனருக்குப் பதில் சொல்லும் என்று நினைக்க முடியாது. மாடல் வருஷத்தை மட்டும் பார்க்காமல், வண்டி எந்த மாசு விதியில் வந்தது என்றும் பார்க்க வேண்டும்.

டிரைவர் பக்கம் ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் கொண்ட சாக்கெட் இருந்தால், சில நூறு ரூபாயில் தொடங்கும் புளூடூத் ஸ்கேனரும் மொபைல் ஆப்பும் போதும், கோடு எண்ணைப் பார்த்துவிடலாம். பிஎஸ்-3 காலத்து வண்டி சிலவற்றில் சாக்கெட் இருக்கும், ஆனால் சாதாரண ஸ்கேனர் பேசாது. அந்த கம்பெனியின் ஸ்கேனர் வைத்திருக்கும் ஒர்க் ஷாப்புக்குத்தான் போக வேண்டும்.

கோடு சொல்வது தீர்ப்பு அல்ல, புகார்!

பலர் ஏமாறும் இடம் இதுதான். ஸ்கேனரில் ஒரு பார்ட் பெயர் வந்தால், அந்தப் பார்ட் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. அந்த இடத்தில் அளவு சரியில்லை என்பது மட்டுமே அர்த்தம்.

பி0171: பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்ற புகார். இதைப் பார்த்து ஆக்சிஜன் சென்சாரை மாற்றுபவர்கள் உண்டு. ஆனால் சென்சார் உண்மையைத்தான் சொல்லியிருக்கும். விரிசல் விட்ட வேக்குவம் ஹோஸ், அடைத்த பெட்ரோல் ஃபில்டர், வலுவிழந்த பம்ப் என்று காரணம் வேறு எங்கோ இருக்கும்.

பி0300, பி0301, பி0302: மிஸ்ஸிங் கோடுகள். கடைசி எண்தான் சிலிண்டர் எண். பி0301 என்றால் முதல் சிலிண்டர். பி0300 என்றால் ஒரே சிலிண்டரில் இல்லாமல் மாறி மாறி வருகிறது. பிளக், காயில், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என நான்கையும் சந்தேகிக்க வேண்டும்.

பி0420: கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்ற புகார். கன்வெர்ட்டருக்கு முன்னும் பின்னும் இருக்கும் இரண்டு ஆக்சிஜன் சென்சார்களை ஒப்பிட்டுத்தான் இந்தக் கோடு வரும். சைலன்சரில் சின்ன ஓட்டை இருந்தாலும் கணக்கு தப்பும். இன்னொன்று, கன்வெர்ட்டர் பெரும்பாலும் தானாகச் சாவதில்லை. மிஸ்ஸிங்கோ, ஆயில் எரிவதோ அதைக் கொன்றிருக்கும். அந்த மூல காரணத்தைச் சரி செய்யாமல் புதுசு போட்டால், புதுசும் போய்விடும்.

அமெரிக்க வீடியோக்களில் ‘பெட்ரோல் டேங்க் மூடியை இறுக்கினால் லைட் அணைந்துவிடும்’ என்பார்கள். டேங்கில் இருந்து ஆவி கசிவதைக் கண்காணிக்கும் வசதி அங்கே கட்டாயம். நம்ம ஊர் பழைய கார்களுக்கு அந்த டிப்ஸ் பெரும்பாலும் பொருந்தாது.

செலவில்லாமல் கண்டுபிடிக்க 2 வழிகள்

1. காயிலை மாற்றிப் போட்டுப் பாருங்க: சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள வண்டியில் பி0301 வந்தால், முதல் சிலிண்டர் காயிலைக் கழற்றி இரண்டாவதில் போட வேண்டும். இரண்டாவதை முதலில் போட வேண்டும். கோடை அழித்துவிட்டு ஓட்டிப் பார்த்தால், இப்போது பி0302 வருகிறதா? காயில்தான் குற்றவாளி. மறுபடியும் பி0301-தானா? காயில் நல்லா இருக்கு, பிளக், இன்ஜெக்டர் பக்கம் பாருங்க. புதுசு வாங்காமலே பாதி விசாரணை முடிந்தது.

2. ஃபியூவல் டிரிம் பாருங்க: அதே மொபைல் ஆப்பில் இந்த அளவு சதவீதத்தில் தெரியும். கம்ப்யூட்டர் வழக்கத்தைவிட எவ்வளவு பெட்ரோல் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதே இது. பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தால் நல்லது. பிளஸ் 10-ஐத் தாண்டி நிலையாக நின்றால் பெட்ரோல் பற்றவில்லை என்று அர்த்தம். வண்டி ஐடிலில் நிற்கும்போது அதிகமாகக் காட்டி, 2500 ஆர்பிஎம்-க்கு ரேஸ் பண்ணினால் குறைந்தால், எங்கோ ஹோஸ் வழியாகக் காற்று நுழைகிறது. ஐடிலில் சரியாக இருந்து ஏற்றத்தில் மட்டும் ஏறினால், பம்ப் அல்லது ஃபில்டர். தொப்பூர் மேட்டில் மட்டும் லைட் எரிந்து, ஊருக்குள் வந்ததும் வண்டி ஒழுங்காக ஓடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். முழு லோடில்தான் இன்ஜினுக்கு அதிக பெட்ரோல் தேவை. வலுவிழந்த பம்ப்பின் சாயம் அங்கேதான் வெளுக்கும்.

நம்ம ஊர் காரணங்கள் சில

தெர்மோஸ்டாட்: ‘நம்ம வெயிலுக்கு இது தேவையில்ல’ என்று பழைய வண்டிகளில் கழற்றி வீசிவிடும் பழக்கம் உண்டு. இன்ஜின் சரியான சூட்டுக்கு வராது. இன்னும் குளிராகவே இருக்கிறது என்று கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டி ஊற்றும். மைலேஜ் குறையும், பி0128 கோடும் வரலாம். ஒரு சின்ன பார்ட்டைத் திரும்பப் போட்டால் தீரும்.

எலி: களத்து மேட்டிலும் தோட்டத்திலும் நிறுத்தும் வண்டிகளுக்கு எலி பெரிய எதிரி. ஒரே நேரத்தில் சம்பந்தமில்லாத மூன்று, நான்கு கோடுகள் வந்தால், சென்சார்களைச் சந்தேகிக்கும் முன் பானெட்டைத் திறந்து வயரிங்கைப் பாருங்க. பேட்டரி வீக்காக இருந்தாலும் இப்படிக் கோடுகள் குவியும்.

எல்பிஜி, சிஎன்ஜி கிட்: பின்னால் பொருத்திய கிட் சரியாக செட் ஆகவில்லை என்றால் கேஸில் ஓடும்போது மட்டும் லைட் எரியும். பெட்ரோலில் மாற்றி ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இ20 பெட்ரோல்: 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமானது. சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். இ20-க்கு சுமார் 13.5 கிலோ போதும். அதாவது அதே காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் தேவை. ஆக்சிஜன் சென்சார் உள்ள கார்கள் இதை ஓரளவு தானே சரிக்கட்டிக்கொள்ளும். மைலேஜ் குறைவதும் இதன் விளைவுதான். எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து, இ10-க்கு செட் செய்யப்பட்ட கார்களில் 6 முதல் 7 சதவீதம் வரை குறையலாம் என நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. பம்ப்பும் ஃபில்டரும் ஏற்கெனவே வீக்காக இருந்தால் சரிக்கட்ட இடம் இருக்காது, பி0171 வந்து நிற்கும். பழைய ரப்பர் ஹோஸ்களில் கசிவு இருக்கிறதா என்று பார்ப்பதும் முக்கியம்.

பேட்டரி வயரைக் கழற்றினா லைட் போயிடுமே?

போகும். ஆனால் நோய் போகாது. கோடை அழித்தால், கோளாறு நடந்த நொடியில் வேகம், ஆர்பிஎம், சூடு எவ்வளவு இருந்தது என்று கம்ப்யூட்டர் பிடித்து வைத்த பதிவும் சேர்ந்தே அழிந்துவிடும். மெக்கானிக்குக்குக் கிடைக்க வேண்டிய ஒரே சாட்சி அது. அதனால் முதலில் ஸ்கிரீன்ஷாட், அதன் பிறகே அழிப்பது.

செகண்ட் ஹேண்ட் கார் வாங்குபவர்கள் இதில் உஷாராக இருக்க வேண்டும். சாவியை ஆன் செய்ததும் செக் இன்ஜின் லைட் எரிய வேண்டும். இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். ஆன் செய்தபோதே எரியவில்லை என்றால் பல்பைக் கழற்றியிருக்கலாம். ஓபிடி-2 காராக இருந்தால் ஸ்கேனரில் ‘ரெடினெஸ்’ என்ற பகுதியைப் பாருங்க. பெரும்பாலான சோதனைகள் முடியவில்லை என்று காட்டினால், சமீபத்தில்தான் கோடை அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளலாம்.

கணவாயில் லைட் எரிந்தால் என்ன செய்யணும்?

ஏற்றத்தில் விட்டு விட்டு எரிந்தால் ஆக்சிலேட்டரைக் குறைத்து, இடதுபுறம் வந்து, அகலமான இடத்தில் ஹசார்ட் லைட் போட்டு நிறுத்துங்க. வளைவில் நிறுத்தக் கூடாது. வண்டியில் இருப்பவர்கள் இறங்கி ரோட்டை விட்டுத் தள்ளி நிற்பது நல்லது. தேசிய நெடுஞ்சாலை 44-ல் உதவிக்கு 1033 எண்ணை அழைக்கலாம்.

தர்மபுரியில் இருந்து சேலம் நோக்கி இறங்கும்போது ஆபத்து வேறு மாதிரி. ‘இன்ஜின் சரியில்லையே, இறக்கம்தானே’ என்று நியூட்ரலில் விடுவதோ, இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு உருட்டுவதோ கூடவே கூடாது. இன்ஜின் நின்றால் பிரேக்குக்குத் துணையாக இருக்கும் வேக்குவம் ஓரிரண்டு மிதியில் தீர்ந்துவிடும், பிறகு பிரேக் கல்லு மாதிரி இறுகும். பவர் ஸ்டியரிங்கும் கனத்துவிடும். இரண்டாவது, மூன்றாவது கியரில் இன்ஜின் ஓட ஓட இறங்குவதே பாதுகாப்பு.

ஒர்க் ஷாப்பில் கேட்க வேண்டிய 4 கேள்விகள்

- என்ன கோடு வந்தது? எண்ணைக் காட்ட முடியுமா?
- இந்தப் பார்ட்தான் போச்சு என்று எந்த டெஸ்ட்டில் தெரிந்தது?
- அது கெட்டுப்போகக் காரணம் என்ன? அதைச் சரி செய்தாச்சா?
- கழற்றிய பழைய பார்ட் எங்கே?

இரண்டாவது கேள்விக்கு ‘ஸ்கேனரே சொல்லுது’ என்பது மட்டும் பதிலாக வந்தால், பர்ஸைத் திறக்க இன்னும் நேரம் வரவில்லை என்று அர்த்தம். நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். பானெட்டைத் திறந்து ஹோஸ், வயர், பிளக் என்று கையால் தொட்டுக் காட்டுவார்.