மான் வேட்டைக்கு எந்தக் காணி திறந்திருக்கிறது?

வன்னியில் இடியன் துவக்குடன் காட்டுக்குள் இறங்கிய ஒருவரை மறித்து, "இது யாருடைய காணி?" என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. கனடாவில் முதலாவது கேள்வியே அதுதான். வேலைத்தலத்து நண்பர்களுடன் மான் வேட்டைக்குச் செல்ல விரும்பும் எம்மவர்கள் இதைத் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். அத்துமீறலும் துவக்கும் சேர்ந்த குற்றச்சாட்டு பணத்தோடு முடிந்துவிடாது. துவக்கு தொடர்பான தண்டனை, நிலுவையிலுள்ள குடிவரவு விண்ணப்பத்தையும் பாதிக்கக்கூடும்.

ஒன்ராறியோ மாகாணத்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 87 வீதம் முடிக்குரிய காணி, அதாவது அரச காணி. ஆனால் அதில் 95 வீதமும் வடபகுதியிலேயே இருக்கிறது. ரொறன்ரோவைச் சுற்றியுள்ள வயல்களும் தோப்புகளும் பெரும்பாலும் தனியாருடையவை. மஸ்கோகா, ஹலிபேர்ட்டன் பக்கம் போனால் அரச காணி உண்டு. ஆயினும் அங்கும் இடையிடையே தனியார் காணிகள் கலந்திருக்கும்.

சரியான இடத்தைக் கண்டுபிடிக்கும் வழி இதுதான். முதலில், மாகாண அரசு ஆண்டுதோறும் வெளியிடும் வேட்டை விதிகளின் தொகுப்பைப் பாருங்கள். மாகாணம் முழுவதும் இலக்கமிட்ட வனவிலங்கு முகாமைத்துவப் பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. எந்தப் பிரிவில் எந்த நாட்களில், துவக்காலா வில்லாலா வேட்டையாடலாம் என்பது அதில் இருக்கும். அடுத்து, அரச காணிகளைக் காட்டும் மாகாண அரசின் வரைபடத்தை இணையத்தில் திறந்து, நீங்கள் எண்ணிய இடம் எவ்வகைக் காணி என்று பாருங்கள். இறுதியாக, அப்பகுதிக்குரிய இயற்கை வள அமைச்சு அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து உறுதிசெய்யுங்கள்.

"அரசாங்கத்தின் இடம்தானே" என்று எண்ணி எங்கும் இறங்கிவிடக் கூடாது. மாகாணப் பூங்காக்களில் பெரும்பாலானவற்றில் வேட்டைக்கு இடமில்லை. உள்ளூராட்சி சபைகளின் காடுகளுக்கும் நீரேந்துப் பகுதிகளைப் பாதுகாக்கும் சபைகளின் காணிகளுக்கும் தனித்தனி விதிகள் உண்டு. சிலவற்றில் தனி அனுமதிச்சீட்டு வேண்டும், சிலவற்றில் வேட்டையே கூடாது. முதற்குடி மக்களின் ஒதுக்குக் காணிகள் பொதுக்காணிகள் அல்ல. தென்பகுதியில் சில நகரசபை எல்லைகளுக்குள் ஞாயிற்றுக்கிழமை துவக்கு வேட்டைக்குத் தடையுண்டு.

தனியார் காணியில் உரிமையாளரின் சம்மதம் வேண்டும். அதை எழுத்தில் பெறுவது நல்லது. மரத்திலோ கம்பத்திலோ சிவப்பு வட்டம் கண்டால் உள்ளே போகக் கூடாது. மஞ்சள் வட்டம் என்றால் குறிப்பிட்ட சில காரியங்களுக்கு மட்டுமே அனுமதி. அறிவித்தல் எதுவும் இல்லை என்பதற்காக அனுமதி உண்டு என்று எடுத்துக்கொள்ள முடியாது. அத்துமீறலுக்கு 10,000 டொலர் வரை தண்டம் விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது.

இடம் கிடைத்தாலும் பத்திரங்கள் இல்லாமல் போக முடியாது. துவக்குப் பாதுகாப்புப் பயிற்சியில் சித்தியடைந்து, துவக்கு வைத்திருக்கும் அனுமதிப்பத்திரம் பெற வேண்டும். வேட்டைக் கல்வியும் முடிக்க வேண்டும். பின்னர் 'அவுட்டோர்ஸ் கார்ட்' என்ற அட்டை, வேட்டை அனுமதிப்பத்திரம், மானுக்கான 'ராக்' சீட்டு ஆகியவற்றை வாங்க வேண்டும். பெண் மானுக்குரிய சீட்டு குலுக்கல் முறையில் வழங்கப்படுகிறது. துவக்குப் பருவத்தில் தலையிலும் மேலுடலிலும் பளிச்சென்ற செம்மஞ்சள் உடை கட்டாயம். குண்டு நிரப்பிய துவக்கைக் காரில் கொண்டுபோகக் கூடாது.

இன்னொன்று. வேட்டையாடிய மான் இறைச்சியை உறவினருடன் பகிர்ந்து உண்ணலாம், விற்கவோ வாங்கவோ கூடாது. யாராவது "காட்டு மான் இறைச்சி, கிலோ இவ்வளவு" என்று வீட்டுக்கு வந்தால் மறுத்துவிடுங்கள்.

வேட்டைக்கே போகாத குடும்பங்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. ஒக்ரோபர், நவம்பர் மாதங்களில் இலையுதிர் வனப்பைப் பார்க்கக் காட்டுப் பாதைகளில் நடப்பதானால், அங்கு வேட்டை நடைபெறுகிறதா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். பிள்ளைகளுக்குச் செம்மஞ்சள் தொப்பியும் மேற்சட்டையும் அணிவியுங்கள். தூரத்தில் கேட்கப்போகும் வெடிச்சத்தம் என்ன என்பதை, வெடிச்சத்தத்துக்கு அஞ்சி ஊரைவிட்டு வந்த முதியோருக்கும் சிறுவருக்கும் புறப்படுமுன் சொல்லி வையுங்கள்.