எந்தக் கறைக்குப் புளி, எந்தக் கறைக்குச் சோடா?

பித்தளைக் குத்துவிளக்கில் ஏறும் கருமையும் பச்சைக் களிம்பும் வெளியிலிருந்து வந்து ஒட்டிய அழுக்கு அல்ல. பித்தளையிலுள்ள செம்பு, காற்றோடும் ஈரத்தோடும் சேர்ந்து தானே உண்டாக்கிக்கொண்ட படலம் அது. சோப்பு அதை அசைக்காது. புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் கரைத்துவிடும். ரசத்துக்குக் கரைத்து மிஞ்சிய புளிச்சக்கையில் ஒரு சிட்டிகை கல்லுப்பு சேர்த்துத் தேய்த்தால், கைக்குள் சக்கை கறுக்கக் கறுக்க விளக்கின் மஞ்சள் வெளியே வரும். தேய்த்ததை அப்படியே விடக்கூடாது. நன்றாக அலசி, உலர்ந்த துணியால் துடைத்துவிட வேண்டும். புளிப்பும் ஈரமும் தங்கினால் களிம்பு முன்னைவிடச் சீக்கிரம் ஏறும்.

வீட்டில் தயாரிக்கும் துப்புரவுக் கரைசல்களுக்கெல்லாம் அடிப்படை இதுதான்: கறை எந்த வகை என்று தெரிந்தால், அதற்கானது சமையலறையிலேயே பெரும்பாலும் இருக்கும். களிம்புக்கும் உப்புக்கறைக்கும் புளிப்பு; எண்ணெய்ப் பிசுக்குக்குக் காரம். அடுப்புச் சாம்பலைத் தேங்காய் நாரில் தொட்டுப் பாத்திரம் துலக்கிய காலத்தில் வேலை செய்தது இந்தக் காரமே. விறகுச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் உண்டு. அது எண்ணெயில் ஒரு பங்கைச் சோப்பாகவே மாற்றிவிடும். மீதியைச் சாம்பலின் பொடி உரசி எடுக்கும். கேஸ் அடுப்பு வந்து சாம்பல் போன பிறகு அந்த இடத்தில் சலவைச் சோடா இருக்கிறது. ஒரு லிட்டர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி கரைத்து, அடுப்பின் இரும்பு ஸ்டாண்டுகளை அரை மணி நேரம் ஊறவைத்தால், பல வாரப் பிசுக்கும் இளகிவிடும். கையுறை அவசியம். அலுமினியப் பாத்திரத்தையோ சிம்னியின் அலுமினிய வலையையோ இதில் போடக்கூடாது; கறுத்துப்போகும்.

ஆழ்துளைக் கிணற்று நீர் புழங்கும் வீடுகளில் குழாய்களைச் சுற்றி வெள்ளையாகப் படிவது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். கடைகளில் கிடைக்கும் வினிகரில் நூற்றுக்கு 4 முதல் 5 பங்கு அசிட்டிக் அமிலம் இருக்கும். துணியை அதில் நனைத்துக் குழாயில் அரை மணி நேரம் சுற்றிவைத்தால் படிவு நுரைத்து இளகும். பிழிந்து எறியும் எலுமிச்சை மூடியும் ஓரளவு இதைச் செய்யும். ஆனால் கடப்பாக்கல் மேடை, மார்பிள், மொசைக் தரை ஆகியவற்றின் அருகே புளிப்பைக் கொண்டுபோகக் கூடாது. கடப்பாக்கல் சுண்ணாம்புக்கல்தான். குழாயில் கறையைக் கரைக்கும் அதே அமிலம் இங்கே கல்லையே அரித்து, பளபளப்பைப் போக்கிவிடும்.

வினிகரையும் ஆப்ப சோடாவையும் ஒன்றாகக் கலந்தால் பொங்கும் நுரையைப் பார்த்து, இரட்டைப் பலன் என்று பலர் நம்புகிறார்கள். நடப்பது நேர் எதிர். அமிலமும் காரமும் ஒன்றையொன்று முறித்து, கரியமில வாயு வெளியேறி, எஞ்சுவது அநேகமாகச் சோடியம் அசிடேட் கலந்த தண்ணீர். அதைப் பாட்டிலில் சேர்த்துவைப்பதில் ஒரு பயனும் இல்லை. இரண்டும் தேவையென்றால் ஒன்றால் கழுவி, அலசிய பின் மற்றதை எடுக்க வேண்டும்.

இரண்டிலும் சேராதது பூந்திக்கொட்டை. அதன் தோலிலுள்ள சபோனின் இயற்கையான நுரைப்பொருள். கொட்டையை நீக்கிய பத்துப் பதினைந்து காய்களை ஒரு லிட்டர் தண்ணீரில் கால் மணி நேரம் கொதிக்கவைத்து வடிகட்டினால் கரைசல் தயார். பட்டுச் சேலைக்கும் தங்க நகைக்கும் இதைவிட மென்மையானது வீட்டில் வேறில்லை. கெடாமல் காக்கும் பொருள் எதுவும் இதில் இல்லாததால் சில நாட்களில் புளித்து நாறும். அவ்வப்போது கொஞ்சமாகக் காய்ச்சுவதே சரி.

இப்போது பரவிவரும் ‘பயோ என்சைம்’ கரைசலுக்கு வெல்லம் ஒரு பங்கு, எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் மூன்று பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு. கண்ணாடிக் குப்பி வேண்டாம். வாயு சேர்ந்து வெடிக்கலாம். பிளாஸ்டிக் பாட்டிலில் கொஞ்சம் இடம் விட்டு நிரப்பி, முதல் மாதம் தினமும் மூடியைத் தளர்த்தி மூட வேண்டும். மூன்று மாதம் கழித்து வடிகட்டினால் புளிப்பு மணத்துடன் பழுப்பு நீர் கிடைக்கும். தண்ணீர் கலந்து டைல்ஸ் தரை துடைக்க இது நல்லது. கிருமிநாசினி என்று நம்பி நோயாளி இருக்கும் அறைக்கு இதை மட்டும் பயன்படுத்துவது தவறு. அங்கே பிளீச்சிங் கரைசல்தான் வேண்டும்.

பிளீச்சிங் பவுடரோடு வினிகர், எலுமிச்சை, கழிவறை ஆசிட் எதையும் சேர்க்கவே கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். 1915-இல் பெல்ஜியத்தின் ஈப்ர் போர்முனையில் ஏவப்பட்ட நச்சுவாயு இதுவே. சன்னலில்லாத சிறு குளியலறையில் சிறிதளவு போதும், மூச்சு முட்ட. அமோனியா கலந்த கண்ணாடி துடைப்பானோடு பிளீச்சைச் சேர்ப்பதும் இதே போன்ற ஆபத்து.

எந்தக் கரைசலையும் குளிர்பானப் பாட்டிலில் அதன் லேபிளோடு வைக்காதீர்கள். லேபிளைக் கிழித்துவிட்டு, உள்ளே இருப்பது என்ன, எந்தத் தேதியில் செய்தது என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டி, குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.