குளிர் நாட்டுக்குப் புறப்படுமுன்



மார்கழி விடியலில் கோலமிட எழும்போது நம் வீட்டுத் தேங்காய் எண்ணெய்ப் புட்டியைப் பார்த்திருப்பீர்கள். எண்ணெய் வெண்ணெய்போல் உறைந்திருக்கும். அதை வெயிலில் வைத்து உருக்கித் தலைக்குத் தேய்த்துக்கொள்கிறோம். ஏறத்தாழ 24 டிகிரி செல்சியசுக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறையத் தொடங்கும். அரிமளத்தில் நாம் குளிர் என்று சொல்வது இவ்வளவுதான். அந்த நாளிலும் விடியற்காலை வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். லண்டன் நகரில் ஜனவரி மாத இரவுகளில் சராசரியாக 2, 3 டிகிரிதான். கனடாவின் வின்னிபெக் நகரிலோ அது பூச்சியத்துக்குக் கீழே 20 டிகிரியையும் தாண்டிவிடும்!

கடல் கடந்து பிழைக்கச் செல்வது நம் சீமைக்குப் புதிதன்று. நம் முன்னோர் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சைகோனுக்கும் கப்பலேறினர். பின்னர் வந்தவர் வளைகுடா நாடுகளுக்குச் சென்றனர். இவை பெரும்பாலும் வெப்பம் மிகுந்த இடங்கள். ஆகவே பயணப் பெட்டி கட்டுவதில் கைதேர்ந்த நம் பாட்டிமாருக்கும் பனிக்கு என்ன எடுத்து வைப்பது என்பது தெரியாது. இன்று செவிலியர் படிப்பு முடித்த அக்காமார் இங்கிலாந்து, அயர்லாந்து, ஜெர்மனி என்று புறப்படுகிறார்கள். 1978ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் செவிலியரை அனுப்பி வருகிறது. நாளை நம்முள் சிலரும் செல்லலாம். எனவே குளிரை எதிர்கொள்ளும் முறையை இப்போதே அறிந்துகொள்வது நலம்.

கம்பளி இருந்தும் நடுங்கிய மேதை

கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை ராமானுஜன் 1914ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள் சென்னையில் கப்பலேறி, ஏப்ரல் மாதம் இங்கிலாந்தை அடைந்தார். கேம்பிரிட்ஜில் குளிர் மிகுந்த ஒரு நாள், அங்கே பயின்றுவந்த மகலனோபிஸ் அவரைக் காணச் சென்றார். இவரே பின்னாளில் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவியவர். ராமானுஜன் கணப்பு அடுப்பை ஒட்டி உட்கார்ந்திருந்தார். இரவில் குளிர் தெரியாமல் உறங்க முடிகிறதா என்று கேட்டதற்கு, ஓவர்கோட்டை அணிந்து சால்வையும் போர்த்திக்கொண்டு படுத்தும் குளிர்கிறது என்றார். மகலனோபிஸ் படுக்கையறைக்குள் சென்று பார்த்தார். கட்டிலில் கம்பளிகள் பல இருந்தன! அவற்றின் ஓரங்கள் மெத்தைக்கடியில் இறுகச் செருகப்பட்டு, மேலே ஒரு விரிப்பு போடப்பட்டிருந்தது. கம்பளிகளை விலக்கி, அவற்றினுள் நுழைந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியவில்லை. அந்த மெல்லிய விரிப்புக்கும் கம்பளிகளுக்கும் இடையிலேயே அவர் படுத்து வந்தார். மகலனோபிஸ் முறையைக் காட்டிக் கொடுத்தார்.

எண்களின் மறைபொருளைக் கண்டவருக்கு ஒரு கட்டிலின் மறைபொருள் தெரியவில்லை. இதில் இழிவு ஒன்றுமில்லை. பாயிலும் கயிற்றுக் கட்டிலிலும் படுத்துப் பழகிய நமக்கும் அவ்வாறே நேரும். கம்பளி இருந்தால் மட்டும் போதாது, அதைப் பயன்படுத்தும் முறையும் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கேட்க வேண்டும். நாம் சொல்ல விரும்புவது இந்த ஒன்றைத்தான்.

உடையில் மூன்று அடுக்கு

கம்பளி வெப்பத்தை உண்டாக்குவதில்லை. வெப்பத்தை உண்டாக்குவது நம் உடலே. அது வெளியே ஓடிவிடாமல் தடுப்பது, கம்பளியின் இழைகளுக்கிடையே அசையாமல் நிற்கும் காற்று. காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது என்று அறிவியல் வகுப்பில் படித்திருக்கிறோம் அல்லவா? எனவே கனத்த உடை ஒன்றைவிட, மெல்லிய உடைகள் பலவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அணிவதே சிறந்தது. அவற்றின் இடையிலும் காற்று தங்கும்.

முதல் அடுக்கு, உடலை ஒட்டி அணியும் தெர்மல் உள்ளாடை. இது வியர்வையை வெளியே கடத்த வேண்டும். நாம் விரும்பும் பருத்தி இங்கே உதவாது. நனைந்த பருத்தி உடலோடு ஒட்டிக்கொண்டு குளிரை மிகுதியாக்கும். இரண்டாவது அடுக்கு, வெப்பத்தைக் காக்கும் கம்பளிச் சட்டை. மூன்றாவது அடுக்கு, காற்றும் மழையும் புகாத மேற்கோட்டு. காற்று வீசினால் உடையிலும் தோலிலும் தங்கிய வெப்பம் பறந்துவிடும். ஆதலால் காற்றடிக்கும் 2 டிகிரி, காற்றில்லாத 2 டிகிரியைவிடக் கொடியது.

செவிலியராகச் செல்பவர்க்கு இன்னொரு செய்தி. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் நோயாளரைக் கவனிக்கும்போது முழங்கைக்குக் கீழே உடையோ வளையலோ கைக்கடிகாரமோ இருக்கக்கூடாது. நோய்க் கிருமி பரவாதிருக்க இந்த விதி. எனவே முழுக்கைச் சுவெட்டருடன் வார்டில் நிற்க இயலாது. மருத்துவமனையின் உள்ளே வெப்பமாகத்தான் இருக்கும். குளிர் வாட்டுவது விடுதிக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் இடையிலேதான். உள்ளே வந்ததும் கழற்றவும், வெளியே போகும்போது அணியவும் அடுக்கு உடையே ஏற்றது.

எல்லாவற்றையும் இங்கேயே வாங்கிப் பெட்டியை நிரப்ப வேண்டியதில்லை. உள்ளாடை இரண்டு இணை, சுவெட்டர் ஒன்று, காலுறை, கையுறை, காதை மூடும் குல்லாய் ஆகியவை முதல் வாரத்துக்குப் போதும். மேற்கோட்டையும் காலணியையும் அங்கே சென்று வாங்குவதே நன்று. அந்த ஊர்க் குளிருக்கு ஏற்றவை அங்கேதான் கிடைக்கும். அறநிறுவனங்கள் நடத்தும் கடைகளில், பிறர் அணிந்து கொடுத்த நல்ல கோட்டுகள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. நம் பங்குகளில் ஏழைகளுக்கு உதவும் புனித வின்சென்ட் தே பவுல் சபை இங்கிலாந்தில் அத்தகைய கடைகளை நடத்துகிறது. அங்கே வாங்குவதை எவரும் குறைவாக எண்ணுவதில்லை.

காலணி இறுக்கமாக இருத்தல் கூடாது. கனத்த காலுறை அணிந்த பின்னும் விரல்களை அசைக்க இடம் வேண்டும். இறுகிய காலில் இரத்தம் ஓடாது. இரத்தம் ஓடாத கால் குளிர்ந்துவிடும். பாதையில் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டிப் படலம் படிந்திருக்கும்போது, வாத்து நடப்பதுபோல் சிறு அடி வைத்து, பாதம் முழுவதும் பதிய நடக்க வேண்டும். கடுங்குளிர் நாடுகளில் விரலோ மூக்கோ வெளுத்து மரத்துப்போனால் அதைத் தேய்க்கலாகாது. நெருப்பில் காட்டவும் கூடாது. உள்ளே வந்து வெதுவெதுப்பான நீரில் வைத்து, மருத்துவரைக் காண வேண்டும்.

அறையும் வெயிலும்

அறை வெப்பம் 18 டிகிரிக்குக் குறையாமல் இருப்பது நலம் என்று இங்கிலாந்தின் சுகாதாரத் துறை கூறுகிறது. ஆனால் வெப்பமூட்டும் கருவிக்குச் செலவு உண்டு. அந்தப் பணத்தை மிச்சம் பிடித்து வீட்டுக்கு அனுப்பலாமே என்று நம் பெண்களுக்குத் தோன்றும். கருவியை அணைத்துவிட்டு நடுங்கியபடியே, "நன்றாக இருக்கிறேன் அம்மா" என்று தொலைபேசியில் சொல்லவும் கூடும். பெற்றோர் "சாப்பிட்டாயா?" என்று கேட்பதுடன், "அறை கதகதப்பாக இருக்கிறதா?" என்றும் கேட்க வேண்டும். அந்தச் செலவு போக மீதியை அனுப்பினால் போதும் என்று புறப்படும்போதே சொல்லிவிடுவது நல்லது.

ஒன்றை மட்டும் ஒருபோதும் செய்யலாகாது. நம் வீட்டில் சாம்பிராணி போடத் தணல் எடுத்து வருவதுபோல், சன்னல் அடைத்த அறையில் கரி நெருப்பு மூட்டக்கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குபவர் உறக்கத்திலேயே உயிரிழக்க நேரிடும்.

குளிரைவிட நம்மவரைத் திகைக்கச் செய்வது இருள். டிசம்பர் மாதம் லண்டனில் காலை 8 மணிக்குத்தான் கதிரவன் எழும். மாலை 4 மணிக்கு முன்பே மறைந்துவிடும். வார்டில் பகல் வேலை பார்ப்பவர் பல நாட்கள் வெயிலையே காணமாட்டார். வெயில் தோலில் பட்டால்தான் உடலில் வைட்டமின் டி உண்டாகும். நம்மைப் போன்ற கருமைத் தோலுக்கு அதிக வெயில் வேண்டும். அதனால் தெற்காசிய வழியினர் ஆண்டு முழுவதும் நாள்தோறும் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி உட்கொள்வது பற்றி எண்ண வேண்டும் என்று அந்நாட்டுச் சுகாதாரத் துறை அறிவுறுத்துகிறது. மருத்துவரைக் கேட்டுச் செய்யலாம். இருள் மனத்தையும் வாட்டும். காரணமின்றி அழுகை வந்தால் அதைக் கோழைத்தனம் என்று எண்ணற்க. விடுமுறை நாளில் நண்பகல் வெளிச்சத்தில் நடக்க வேண்டும். ஞாயிறு திருப்பலிக்குச் சென்று நாலு பேருடன் பேச வேண்டும். குளிர்காலத்தில் அங்கே நண்பகல் 12 மணி என்றால் இங்கே மாலை ஐந்தரை. அம்மாவுடன் பேச ஏற்ற நேரம்!

பாதிப் போர்வை

நவம்பர் 11ஆம் நாள் நாம் கொண்டாடும் புனித மார்ட்டின், நான்காம் நூற்றாண்டில் உரோமைப் படைவீரராக இருந்தவர். பிரான்சு நாட்டின் அமியான் நகர வாயிலில், குளிரில் நடுங்கிய ஏழை ஒருவனைக் கண்டு, தம் போர்வையை வாளால் இரண்டாக வெட்டிப் பாதியை அவனுக்குக் கொடுத்தார் என்று அவர் வரலாறு கூறுகிறது.

ராமானுஜனின் கட்டிலில் கம்பளிக்குக் குறைவில்லை. அவருக்குத் தேவைப்பட்டது, "இப்படிப் படுங்கள்" என்று சொல்லும் ஒரு நண்பர். அதுவும் பாதிப் போர்வை கொடுப்பது போன்றதுதான். தோழியரே, நம்முள் முதலில் செல்பவர் அடுத்து வருபவருக்கு அந்த நண்பராக இருப்போம். புதிதாகச் செல்பவர் கேட்க வெட்கப்படாதிருப்போம். கேட்கும்படி நமக்குக் கற்றுத் தந்தவர் நம் ஆண்டவரே அல்லவா?