மல்லாந்து கிடந்தால் செத்துவிட்டதாக எண்ண வேண்டாம்

டாரண்டுலா சிலந்தி வளர்ப்போர் பதறும் காட்சி ஒன்று உண்டு. காலையில் எழுந்து பார்த்தால், பெட்டிக்குள் சிலந்தி மல்லாந்து கிடக்கும். செத்துவிட்டதாக நினைத்துக் குப்பையில் போட்டுவிட வேண்டாம். பெரும்பாலும் அது தோலுரிக்கிறது.

அதற்குச் சில வாரங்கள் முன்பிருந்தே அது இரையைத் தொட்டிருக்காது. தோலுரித்து முடியப் பல மணி நேரம் ஆகலாம். அதுவரை தொடவோ புரட்டவோ கூடாது. தீனியாகப் போட்ட சுவர்க்கோழிப் பூச்சி உள்ளே இருந்தால் உடனே எடுத்துவிட வேண்டும். புதுத்தோல் மெத்தென்று இருப்பதால், அந்தப் பூச்சியே சிலந்தியைக் கடித்துக் கொன்றுவிடலாம். இரையிடமே உயிரை விடுவது பரிதாபம்தான்.

வெளிறிய நச்சுப்பற்கள் மீண்டும் கறுத்து இறுகிய பிறகே தீனி போடலாம். தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்க வேண்டும்.

சாகும் சிலந்தியோ பெரும்பாலும் நிமிர்ந்தபடியே கால்களை உடலுக்கு அடியில் சுருட்டிக்கொள்ளும். சில இனங்களில் பெண் சிலந்தி 20 ஆண்டுக்கு மேல் வாழும் என்பதால், இந்த வேறுபாட்டைத் தெரிந்துவைத்திருப்பது அவசியம்.

சிங்கப்பூரில் டாரண்டுலா வளர்க்க அனுமதி இல்லை. மலேசியாவில் வாங்குவதற்கு முன் பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்குத் துறையிடம் உரிமம் பற்றிக் கேட்டுக்கொள்வது நல்லது.